நாலு விரல் நீளம்

பம்பரம் என்று அவளுக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. வைத்தவர் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். திரைச்சீலைக் கடையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் எந்நேரமும் துணிக்கட்டுதான் உட்கார்ந்திருக்கும். அவள் உட்கார்ந்து பார்த்தவர் கிடையாது. டீயை நின்றுகொண்டே குடிப்பாள். போனில் பேச ஆரம்பித்தால் பேச்சு முடிவதற்குள் தெருமுனைக்குப் போயிருப்பாள். தூக்கத்தில்கூடக் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும் என்பது அவள் கணவனின் வாக்குமூலம். அவன் பொக்லைன் ஓட்டுகிறவன். பகலெல்லாம் மண் அள்ளும் இயந்திரத்தில் குலுங்கிவிட்டு வருகிறேன், வீட்டுக்கு வந்தால் கட்டிலும் குலுங்குகிறது, நான் எங்கேதான் போய் அசையாமல் படுப்பது என்று கேட்பான். நியாயமான கேள்விதான்.

கடையின் மறுபாதி அவளுடைய ஓரகத்தி, அதாவது கணவனுடைய அண்ணன் மனைவி. இவள் அதற்கு நேர் எதிர். காலையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பாள். பம்பரம் சுற்ற வேண்டுமென்றால் அடியில் ஆணி வேண்டாமா என்று தெருவில் யாரோ வேடிக்கைக்குச் சொல்லப்போக, அவளுக்கு ஆணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கணவன் கப்பலில் வேலை பார்க்கிறவன். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து விருந்தாளி மாதிரி போகிறவன். பிள்ளைகள் இல்லை. கடைக்கு வருகிறவர்களின் முகங்கள்தான் அவளுக்குப் பேச்சுத்துணை.

யாராவது திரை தைக்க வந்தால் முதலில் ஸ்டூலை இழுத்துப் போடுவாள். வெயில் எந்தப் பக்கம் வருகிறது, அந்த அறையில் யார் படுக்கிறார்கள், பிள்ளை பகலில் தூங்குமா, எதிர்வீட்டு ஜன்னல் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பிறகுதான் துணியைப் பற்றிப் பேச்சு. பம்பரம் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். "என்னக்கா, ஜன்னலுக்குத் திரையா, இல்ல போலீஸ் விசாரணையா" என்று கேலி செய்வாள். ஆனாலும் வீட்டுக்கே போய் ஜன்னலை அளந்து வருவது அவள்தான். கண்ணால் பார்க்காத ஜன்னலுக்குத் துணியில் கத்தரி வைக்கக் கூடாது என்பது இருவரும் சேர்ந்து வைத்த சட்டம். கடை தொடங்கியதிலிருந்து அதை மீறியதில்லை.

ஒரு காலத்தில் அந்தப் பகுதியில் பஸ் வந்து திரும்பிப் போகும், அவ்வளவுதான். பிறகு சுற்றுச்சாலை வந்தது. சாலையைப் பிடித்துக்கொண்டு கிடங்குகள் வந்தன, கிடங்குகளுக்குப் பின்னால் அலுவலகங்கள், அலுவலகங்களுக்குப் பின்னால் ரயில். எல்லாவற்றுக்கும் பின்னால் அடுக்குமாடிகள் வரிசை கட்டின. ஊரில் ஒருத்தரும் பழைய ஆளாக இருக்கச் சம்மதிக்கவில்லை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் 'வாகன நல மையம்' என்று பலகை மாட்டினார். பால் பாக்கெட் போட்டவர் செயலி தொடங்கினார். யாரைக் கேட்டாலும் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்றுதான் சொன்னார்கள். இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்ல ஆளில்லை. இப்படிப்பட்ட ஊரில் பம்பரம் சும்மா இருப்பாளா?

ஒருநாள் பஸ் சிக்னலில் நின்றபோது அவள் அண்ணாந்து பார்த்தாள். புதிதாகக் குடிவந்த மாடிகளில் ஜன்னலுக்கு ஜன்னல் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. சிலவற்றில் போர்வை தொங்கியது. ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையையே பிரித்து நிறுத்தியிருந்தார்கள். எவ்வளவு செலவழித்து வாங்கிய வீடு, ஊர் பார்க்காமல் உடை மாற்ற வழியில்லை. கடைக்கு வந்து, அளந்து, வெட்டி, தைத்து, மாட்டுவதற்குள் அவர்களுக்குச் செய்தித்தாளே பழகிப்போகிறது. பஸ் நகர்ந்தது. அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப ஓடிவந்து மறுபடியும் பார்த்தாள். ஒரு கட்டடத்தில் எல்லா ஜன்னலும் ஒன்றுதானே. ஒருமுறை அளந்தால் போதாதா? எல்லாருக்கும் ஒரே வெட்டு. சாவி கையில் வாங்கும்போதே ஜன்னலில் திரை தொங்கும்.

அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே கட்டுமான நிறுவனத்தின் மேலாளரைப் போய்ப் பிடித்தாள். அவர் பிடி கொடுக்காமல் பேசுகிற ஆசாமி. ஆனால் செய்தித்தாள் ஒட்டிய ஜன்னல்களின் படத்தை அவள் போனில் காட்டியதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். விளம்பரத்தில் கண்ணாடி மாளிகையாகத் தெரிகிற தன் கட்டடம், நேரில் பழைய பேப்பர் கடை மாதிரி இருப்பது அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"ஒரு டவர் தர்றேன் மேடம். பன்னிரண்டு மாடி. நாளுக்கு ஒரு மாடியா சாவி கொடுக்கப் போறோம். குடிவர்றவங்ககிட்ட இருந்து ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் அடுத்த டவரெல்லாம் டவுன்ல இருக்கிற பெரிய கம்பெனிக்குப் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"நான் எங்க சார் நிக்கப்போறேன், ஓடிக்கிட்டுல்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆணி இதைக் கேட்டதும் மெஷினை நிறுத்தினாள். அவள் மெஷினை நிறுத்துவது சாதாரண விஷயமல்ல.

"யாரு வீடுன்னே தெரியாம தைக்கணுமா?"

"வீடு தெரியும்க்கா. ஆளுதான் இன்னும் வரல."

"ஆளு இல்லாத வீடு என்னடி வீடு?"

வாக்குவாதம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓடியது. பம்பரம் ஒற்றைக்காலில் நின்றாள். இப்போது விட்டால் ஊர் நம்மைத் தாண்டிப் போய்விடும், பக்கத்துத் தெருவில் ஒருத்தன் மெஷின் போட்டுவிடுவான், நாம் இரண்டு பேரும் கிழிந்த தலையணை உறைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்றாள். கடைசியில் ஆணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சரி. இந்த ஒரு கட்டடம் பாக்கலாம். இது தப்பாச்சுன்னா நான் விலகிக்கிறேன். அப்புறம் நீ ஆளு வெச்சுப் பண்ணிக்க. சண்டையெல்லாம் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன்."

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள் அல்ல ஆணி. அதனால்தான் பம்பரம் அந்த வார்த்தையை வீடுவரை சுமந்துகொண்டு போனாள். கணவனிடம் சொன்னபோது, "அண்ணி சொன்னா சொன்னதுதான். உனக்குக் கடை முக்கியமா, அவங்க முக்கியமா?" என்று கேட்டான். அவள் எழுந்து போய் ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள். கடை அவளுக்கு முக்கியம்தான். ஆனால் ஓடிக் களைத்துத் திரும்பும்போது மெஷினுக்குப் பின்னால் அந்த முகம் இல்லாத கடையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இந்தத் திட்டம் தப்பக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

சட்டத்தை அவள் மீறவில்லை. நேரிலேயே போனாள். கட்டடம் அப்போது எலும்பும் தோலுமாக நின்றது. கைப்பிடி இல்லாத படிகளில் சிமெண்டுத் தூசியை மிதித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னல் சட்டங்கள் வந்திருந்தன, கண்ணாடி வரவில்லை. காற்று அவள் டேப்பைப் பிடுங்கிப் பிடுங்கி இழுத்தது. மேலே திரைக்கம்பி ஓடப்போகிற கூரையிலிருந்து கீழே தரைவரை, ஒன்றுக்கு இரண்டு முறை அளந்தாள். மூன்று மாடியில் அளந்தாள், மூன்றிலும் ஒரே அளவு. அதற்கு மேல் என்ன வேண்டும்? மனசு முழுக்க மத்தாப்பூவாகக் கீழே இறங்கி வந்தாள்.

அவள் செய்த பிழையை இருபது வருடம் கட்டுமானத்தில் இருக்கிற ஒருவன் செய்யமாட்டான். நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருவனும் செய்திருக்க மாட்டான். திரைக்காரிகள் இருவருக்கு மட்டுமே அது சாத்தியம். இத்தனை வருடத்தில் ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள்தான் அவர்கள் அளவெடுக்கப் போயிருக்கிறார்கள். தரை என்பது அவர்களைப் பொறுத்தவரை பளபளவென்று ஏற்கெனவே இருப்பது. காலுக்குக் கீழே சொரசொரத்த அந்தக் கான்கிரீட்டின் மேல் இன்னும் மணலும் கலவையும் பரப்பி, அதன் மேல் டைல் பதிப்பார்கள் என்பது பம்பரத்துக்குத் தோன்றவில்லை. அளவைக் கேட்டு வாங்கி மேஜையில் சாக்பீஸால் எழுதிய ஆணிக்கும் தோன்றவில்லை.

வேலை தொடங்கியது. கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையை வாடகைக்கு எடுத்து, தையல்காரர்கள் சிலரை நாள்கூலிக்கு அமர்த்தினாள் பம்பரம். துணி பேல் பேலாக வந்து இறங்கியது, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது பேசினால் கத்த வேண்டியிருந்தது. ஆணி யாரிடமும் பேசவில்லை. வாடிக்கையாளர் ஸ்டூல் மேல் நூல்கண்டுப் பெட்டி ஏறியது. பழைய ஆட்கள் ஓரிருவர் எட்டிப் பார்த்து, கூட்டத்தைக் கண்டு அப்படியே திரும்பிப் போனார்கள். பம்பரம் ஓடிய ஓட்டத்தில் இது எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

ஒருநாள் மட்டும் ஆணி சொன்னாள். "ஒரு மூஞ்சியைப் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா. சாம்பல் கலர்ல தைச்சுத் தைச்சு, கனவுலகூட எல்லாம் சாம்பலா வருது."

"முடிஞ்சதும் பச்சை, மஞ்சள், எல்லாம் வாங்கிடலாம்க்கா" என்று சொல்லிக்கொண்டே பம்பரம் வாசலைத் தாண்டிவிட்டாள். ஆணி பேசியது நிறத்தைப் பற்றி இல்லை என்பது புரிகிற அளவுக்கு அவள் நிற்கவில்லை.

சாவி கொடுப்பதற்கு முந்தைய நாள் காலையில், தேய்த்து மடித்த திரைகளோடு வேன் கட்டடத்துக்குப் போனது. கூலிக்கு வந்த தையல்காரர்கள் கணக்கு முடித்து, சீருடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பம்பரம் முதல் மாடி முதல் வீட்டில் முதல் திரையைத் தானே மாட்டினாள். வளையங்கள் கம்பியில் வழுக்கிக்கொண்டு ஓடின. ஏணியிலிருந்து இறங்கிப் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள்.

திரை தரையில் உட்கார்ந்திருந்தது.

விளிம்பு மடங்கி, சுருண்டு, பெரியவரின் சட்டையைப் போட்ட குழந்தை மாதிரி நின்றது. அவள் குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். நாலு விரல் நீளம். பளபளத்த டைலைப் பார்த்தாள். கதவைத் திறந்து, டைல் இன்னும் பதிக்காத மின்பெட்டி அறையின் தரையைப் பார்த்தாள். அங்கே ஒரு படி இறங்க வேண்டியிருந்தது. அப்போதுதான் விஷயம் மண்டையில் ஏறியது. முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த வீட்டில் மாட்டினாள். அங்கே மூன்று விரல். அதற்கடுத்ததில் ஐந்து. தரை பதித்தவர்கள் அவரவர் கைவாகுக்குக் கலவை போட்டிருந்தார்கள். காகிதத்தில் ஒரே மாதிரி இருந்த வீடுகள் எல்லாம் காலுக்குக் கீழே வேறு வேறு வீடுகளாக இருந்தன. மொத்தமாகக் கொட்டகைக்குக் கொண்டுபோய் ஒரே அளவில் வெட்டவும் வழியில்லை. ஒவ்வொன்றையும் அந்தந்த ஜன்னலில் மாட்டி, குறித்து, கழற்றி, தைத்து, மறுபடி மாட்ட வேண்டும்.

ஆணியிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. தப்பாகிவிட்டால் விலகிக்கொள்கிறேன் என்று சொன்னவளிடம் போய், தப்பாகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? தானே சமாளித்துவிடலாம் என்று ஊசியை எடுத்தாள். ஒரு திரையின் விளிம்பைக் கையால் மடித்துத் தைத்தாள். அவள் கை ஓடுகிற வேகத்துக்கு நூல் எப்போது நேராகப் போயிருக்கிறது? மாட்டிப் பார்த்தபோது ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் பல்லை இளித்தது. ஏணிப்படியில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு வேனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

ஆணி வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பழைய தையல் வேலைகளில் மீந்த பல நிறத் துணித்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பம்பரம் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டைல், கலவை, மூன்று விரல், ஐந்து விரல் என்று ஒன்றையும் மறைக்கவில்லை.

"நீ சொன்ன மாதிரியே தப்பாயிடுச்சுக்கா. நீ விலகுறதுன்னா விலகிக்க. இந்தக் கட்டடத்தை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டுப் போ. கால்ல வேணும்னாலும் விழறேன்."

ஆணி கையிலிருந்த துண்டைச் சதுரமாக மடித்து வைத்தாள். துண்டுகளையெல்லாம் மூட்டையாகக் கட்டினாள். பேசியபோது கேள்விதான் வந்தது.

"அங்க ப்ளக் பாயின்ட் இருக்கா?"

சின்ன மெஷினையும் இஸ்திரிப் பெட்டியையும் வேனில் ஏற்றினார்கள். மீந்த துணித்துண்டு மூட்டையையும் ஆணி விடாமல் எடுத்துக்கொண்டாள். அது எதற்கு என்று கேட்கிற நிலையில் பம்பரம் இல்லை. மாடி நடைபாதையில் லிஃப்டுக்கு எதிரே ஒரு மேஜை போட்டு மெஷினை வைத்தார்கள். பம்பரம் மாட்டிக் குறித்துக் கழற்றிக் கொண்டுவந்தாள். ஆணி மடித்துத் தைத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் முதல் மாடி முடிந்தது. மறுநாள் சாவியோடு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பம்பரம் அதற்குள் இரண்டாவது மாடியில் மாட்டிக் குறிக்கத் தொடங்கியிருந்தாள், மெஷின் மட்டும் அன்றைக்குச் சாவி கொடுக்கிற மாடியிலேயே இருந்தது. கதவைத் திறக்க வருகிறவர்களெல்லாம் முதலில் கண்டது நடைபாதையில் மெஷின் ஓட்டுகிற ஒரு பெண்மணியைத்தான்.

எல்லாரும் நின்றார்கள். நிற்காமல் போக முடியாதபடி மேஜை வழியை அடைத்துக்கொண்டிருந்தது. நின்றவர்களிடம் ஆணி வழக்கம்போல ஆரம்பித்துவிட்டாள்.

"எந்த வீடும்மா? மூலை வீடா? அதுக்குச் சாயங்கால வெயில் நேரா அடிக்குமே. அந்த ரூம்ல யாரு படுக்கப்போறீங்க?"

நான் நர்ஸ், ராத்திரி வேலைக்குப் போய்விட்டுப் பகலில்தான் தூங்குவேன் என்றாள் அந்தப் பெண். ஆணி மூட்டையைப் பிரித்துக் கறுப்புத் துணி ஒன்றை எடுத்து, திரைக்கு உள்பக்கமாக ஒரு அடுக்கு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மேல்மாடிக்கு வந்த கணவன் மனைவிக்குள் சண்டை. அவனுக்கு ஜன்னல் வழியே சாலையைப் பார்க்க வேண்டும், அவளுக்குச் சாலை தன்னைப் பார்க்கக் கூடாது. ஆணி இருவரையும் பேசவிட்டுக் கேட்டாள். பிறகு கீழ்ப்பாதிக்கு மெல்லிய துணியில் ஒரு குட்டித்திரை போட்டுச் சண்டையை முடித்துவைத்தாள். தனியாக ஒரு பூனையோடு குடிவந்த ஓட்டுநர், திரை தரையிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், இல்லையென்றால் அது நூல் நூலாகப் பிரித்துவிடும் என்றார். அந்தப் பூனையைத் தூக்கி வந்து காட்டச் சொன்னாள் ஆணி. ஒரே சாம்பல் நிறத்தில் வந்த திரைகள் வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டே போயின. சில பேர் கால்சட்டையும் சோபா உறையும் எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

ஒன்பதாவது மாடியில் ஏணி மேல் நின்றிருந்தபோது பம்பரத்துக்கு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரிய, வயிறு குலுங்குகிற சிரிப்பு. யார் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று படிவழியே எட்டிப் பார்த்தாள். ஆணிதான். பம்பரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவின் மனசு மாறிவிட்டது, இனி விலகமாட்டாள், பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டாள். உடனே அடுத்த ஜன்னலுக்கு ஏணியை நகர்த்தினாள்.

கடைசி மாடிக்குச் சாவி கொடுத்த அன்று மேலாளர் வந்தார். போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி பேசினார்.

"ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல மேடம். பத்துப் பேர் பாராட்டி எழுதியிருக்காங்க. அடுத்த மூணு டவரும் உங்களுக்குத்தான். இன்னொண்ணு, தரை போடுற கான்ட்ராக்டரைப் பிடிச்சு விளாசிட்டேன். இனிமே எல்லா வீட்டுத் தரையும் மில்லிமீட்டர் சுத்தமா ஒரே அளவு. நீங்க மெஷினைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா அலைய வேண்டாம். கொட்டகைலயே தைச்சு அனுப்பிடலாம்."

பம்பரத்துக்கு லிஃப்ட் வரும்வரை பொறுக்க முடியவில்லை. படிகளில் இறங்கி ஓடினாள். ஆணி கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், யாருடைய சட்டைக்கோ பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மூணு டவர். மூணு. தரையெல்லாம் இனிமே ஒரே அளவு. நீ அலையவே வேண்டாம். நம்ம இடத்துல உக்காந்தே தைக்கலாம்."

ஆணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ரொம்ப சந்தோஷம்டி. நீ எடுத்துப் பண்ணு. எனக்கு இந்தச் சின்ன மெஷின் மட்டும் போதும்."

பம்பரத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என்னக்கா சொல்ற? தப்பாச்சுன்னாதானே விலகுறேன்னு சொன்னே. ஜெயிச்சாச்சே."

"ஜெயிச்சாச்சு. யாரு இல்லன்னா?" ஆணி பொத்தானை இழுத்துச் சோதித்தாள். "கொட்டகைல நாள் பூரா நேர்கோடு தைச்சேனே, அது எனக்கு ஒரு நாளும் பிடிக்கல. நீ அழுது வீங்கின மூஞ்சியோட வாசல்ல வந்து நின்னு, தப்பாயிடுச்சுன்னு சொன்ன பாரு, அதுக்கப்புறம்தான் எனக்குப் பிடிச்சுது. இங்க இருக்கிறவங்க இந்த மூலைய எனக்கு விட்டுத் தரேன்னு சொல்லியிருக்காங்க. போன வாரமே பேசிட்டேன்."

"போன வாரமேவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே."

"சொல்லத்தான் பாத்தேன். நீ எங்க நின்ன?"

அதில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. இருந்திருந்தால் பம்பரம் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். இந்த ஊரின் ஒவ்வொரு மூலையிலும் புதிதாக ஒரு தொழில் முளைப்பதை மூச்சு முட்ட ஓடி ஓடிப் பார்த்தவள் அவள். பக்கத்து நாற்காலியிலேயே ஒன்று முளைத்ததைப் பார்க்கவில்லை. கடைசியில் கொட்டகையிலிருந்து பெரிய கத்தரியையும் அந்தப் பழைய ஸ்டூலையும் அவளே தூக்கிக்கொண்டு வந்து தபால் பெட்டிகளின் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வேலை இருக்கத்தான் செய்தது. மூன்று டவருக்கும் டைல் பதித்து முடிகிறவரை காத்திருந்து அளந்தாள். மேலாளர் சொன்னபடியே தரை ஒரே அளவு. திரைகள் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன, யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. கொட்டகை பெரிதானது. துணி வெட்ட மின்சாரக் கத்தி வந்தது. வேறு ஊர்களிலிருந்துகூட ஆட்கள் வந்து, சாவி நாளிலேயே திரை என்பதை எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் நடந்துகொண்டே விளக்கினாள். அவர்கள் மூச்சு வாங்கப் பின்னால் வந்தார்கள்.

ஆனால் ஓடிவிட்டுத் திரும்பிக் கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம் அவள் கண் ஒரே இடத்துக்குப் போனது. அங்கே இப்போது கெட்டிக்காரத் தையல்காரர் ஒருவர் இருந்தார். நேர்கோடாகத் தைப்பார். அவரிடம் ஒரு குறையும் இல்லை என்பதே அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது. எதையோ மறந்துவிட்டு வந்தவள் போல மறுபடி வெளியே கிளம்பிவிடுவாள். எங்கே என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"அவ்வளவு ஏக்கமா இருந்தா போய்ப் பாத்துட்டு வாயேன். யாரு தடுத்தா?" என்றான் கணவன்.

"சும்மா எப்படிங்க போறது? அவங்க வேலையா இருப்பாங்க."

"நீ என்னைக்கு சும்மா போயிருக்க?" என்று கேட்டுவிட்டு அவன் திரும்பிப் படுத்தான்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் தன் வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றினாள். பச்சையில் மஞ்சள் கோடு போட்டது, ஆணி எப்போதோ தைத்துக் கொடுத்தது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனாள். தபால் பெட்டிப் பக்கம் மூன்று பேர் நின்றிருந்தார்கள், அந்த நர்ஸும் அதில் ஒருத்தி. பம்பரம் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். வரிசையில் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். காலை மாற்றி மாற்றி வைத்தாள். ஆணி யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுத்தான் அனுப்பினாள்.

"அடுத்தது யாரு?" என்று நிமிர்ந்தவள் பம்பரத்தைப் பார்த்தாள். கையை மட்டும் நீட்டினாள்.

"நாலு விரல் நீளமா இருக்குக்கா. கொஞ்சம் குறைச்சுக் கொடு" என்றாள் பம்பரம்.

ஆணி திரையைப் பிரித்து மேஜையில் போட்டாள். அந்த வீட்டு ஜன்னல் அவளுக்கு மனப்பாடம். டேப்பை வைத்து ஒருமுறை பார்த்தாள், விரலை வைத்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு ஸ்டூலைக் காலால் இழுத்து முன்னால் போட்டாள்.

"உக்காரு. நேரமாகும்."

பம்பரம் உட்கார்ந்தாள். ஆணி பழைய விளிம்பைத் தையல் தையலாகப் பிரித்தாள். பிரித்ததை நீவி விட்டு, அதே மடிப்பில், அதே அளவில் மடித்துத் திரும்பத் தைக்கத் தொடங்கினாள். அவசரமே இல்லாமல் தைத்தாள். புது டவர் வேலையெல்லாம் எப்படிப் போகிறது, அந்த மேலாளர் இன்னும் போனைப் பார்த்துக்கொண்டேதான் பேசுகிறாரா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பம்பரம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தூக்கம் வருவதில்லை என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பாதி விளிம்பு தைத்ததும் ஆணி மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"காலை ஆட்டாத. மேஜை ஆடுது."